வெயிட்லிஸ்ட்டில் பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இங்கே அமெரிக்காவில் உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் புரோகிராமோடு (நன்றாகப் படிப்பவர்களுக்கான தனித் திட்டம்) இடம் கிடைத்திருக்கிறது, ஸ்காலர்ஷிப் போக ஆண்டுக்கு 30,000 டாலருக்குள் முடிந்துவிடும். அவள் வெகு நாளாக ஆசைப்பட்ட தனியார் கல்லூரியோ மார்ச் கடைசியில் வெயிட்லிஸ்ட், அதாவது இப்போது இடம் இல்லை, பின்னால் காலியானால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. கல்லூரியின் இணையப் போர்ட்டலில், அந்தப் பட்டியலில் இருக்க விருப்பமா, இல்லையா என்று கேட்கிறார்கள். எதை அழுத்துவது, சம்மதம் சொல்லிவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, சேருகிறேன் என்று உறுதி சொல்லும் டெபாசிட் கட்டினால் தப்பாகுமா, அப்பா ஃபோன் போட்டுப் பேசினால் ஏதாவது நடக்குமா. இவைதான் நீங்கள் கேட்டவை.

பட்டியலில் இருக்கச் சம்மதிப்பதற்குக் காசு கிடையாது, கட்டாயமும் கிடையாது. நாளைக்கே இடம் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. அதனால் 'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று பலரும் யோசிக்காமல் அழுத்திவிடுகிறார்கள். நான் சொல்வது, அழுத்துவதற்கு முன்னால் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: ஜூன் மாதம் ஒரு நாள் கூப்பிட்டு, "இடம் இருக்கிறது, உதவித்தொகை எதுவும் கிடையாது, இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள்" என்றால் போவீர்களா? போவோம் என்றால் பெயர் இருக்கட்டும். போக முடியாது என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இந்தக் கேள்வி முக்கியம், ஏனென்றால் கிடைப்பது உங்கள் கையில் இல்லை, இது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் இந்தப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் இதில்தான் குழம்புகிறார்கள். நமக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றாலே ரயில் டிக்கெட்தான் ஞாபகம் வரும், 14ஆம் நம்பர் என்றால் நமக்கு முன்னால் 13 பேர், அவர்கள் நகர்ந்தால் நாம் ஏறிவிடலாம். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி நம்பரே கிடையாது. எத்தனை பேர் சேருவார்கள் என்று கல்லூரி ஒரு கணக்குப் போட்டு, அதைவிட நிறையப் பேருக்கு இடம் தருகிறது. டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் கடைசி நாளான மே 1ஆம் தேதி, கட்டியவர்களை எண்ணிப் பார்க்கும்போது எங்கே குறைகிறது என்று தெரியும். இன்ஜினியரிங்கில் பத்துப் பேர் குறையலாம், வரலாறு படிக்க வந்தவர்கள் குறையலாம், இசைக் குழுவுக்கு ஒரு வாத்தியக்காரர் தேவைப்படலாம், குறிப்பிட்ட ஒரு பகுதியிலிருந்து ஆளே வராமல் போயிருக்கலாம், முழுக் கட்டணமும் கட்டக்கூடியவர்கள் வேண்டியிருக்கலாம். எந்த ஓட்டை விழும் என்று மார்ச்சில் தெரியாது, அதனால்தான் எல்லா வகை மாணவர்களையும் சேர்த்து அவ்வளவு பெரிய பட்டியல் போட்டு வைக்கிறார்கள். உங்கள் மகளைவிட மார்க் குறைந்த பையன் எடுக்கப்படுவதும் அவள் விடப்படுவதும் இப்படித்தான் நடக்கிறது, அவளிடம் ஏதோ குறை என்று அதற்கு அர்த்தமே இல்லை. இதை அவளிடமும் சொல்லுங்கள்.

வாய்ப்பு எவ்வளவு என்றால், இங்கே கல்லூரி அட்மிஷன் அதிகாரிகளும் பள்ளிக் கவுன்சிலர்களும் சேர்ந்த தேசிய சங்கம் ஒன்று இருக்கிறது, நேகாக் என்பார்கள். அவர்கள் 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பட்டியலில் இருக்கச் சம்மதித்தவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களையே எடுக்கும் கல்லூரிகளில் அது 7 சதவீதம்தான். மிகப் பெயர்பெற்ற கல்லூரிகளில் அதற்கும் கீழே போகும், சில வருடம் பூஜ்யமாகவே இருக்கும். வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குவதும் பயங்கரம். 2019இல் ஸ்டான்ஃபோர்டு பட்டியலிலிருந்து எடுத்தது பத்துப் பேருக்கும் குறைவு. அடுத்த வருடமே கோவிட் வந்தது, யார் வருவார்கள் யார் வரமாட்டார்கள் என்று தெரியாத நிலையில் 250 பேருக்கு மேல் எடுத்தார்கள். அதே கல்லூரி, ஒரே ஒரு வருட இடைவெளி.

உங்கள் கல்லூரியின் கணக்கை நீங்களே பார்க்கலாம். கல்லூரி பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடினால், கல்லூரி தன் சேர்க்கை விவரங்களை ஆண்டுதோறும் வெளியிடும் ஒரு பிடிஎஃப் வரும், அதில் சி2 என்ற பகுதிக்குப் போங்கள். எத்தனை பேருக்கு வெயிட்லிஸ்ட் கொடுத்தார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும், முதலாவதால் வகுத்தால் தப்பான விடை வரும். உதாரணத்துக்கு 2,000 பேரிடம் கேட்டு, 1,200 பேர் சம்மதித்து, 36 பேரை எடுத்திருந்தால் வாய்ப்பு 3 சதவீதம். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து வருடத்தைப் பாருங்கள். சில கல்லூரிகள் இந்தப் பகுதியை நிரப்பாமலே விட்டுவிடும், அப்போது அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி சென்ற வருடம் எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை.

இந்த எண்ணும் கல்லூரி முழுமைக்குமான எண் என்பதை மறக்க வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி எல்லோரும் முட்டி மோதும் துறையில் வாய்ப்பு இதைவிடக் குறைவாக இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வேறு துறையில் இடம் தருகிறோம் வருகிறாயா என்று கேட்பதும் உண்டு. உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக் கூடாது, இலினாய் அர்பானா-ஷாம்பெய்ன், வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ளே போனபின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது மிகக் கடினம். ஜனவரியில் வந்து சேரச் சொல்வது, ஒரு வருடம் தள்ளி வரச் சொல்வது என்றும் சில கல்லூரிகள் இடம் கொடுக்கும். ஹார்வர்டு பட்டியலிலிருந்து எடுக்கும் சிலரை அப்படி ஒரு வருடம் கழித்து வரச் சொல்வது, அதன் அட்மிஷன் முறையை எதிர்த்து 2018இல் நடந்த வழக்கில் விரிவாக வெளியே வந்தது. இதையெல்லாம் ஏற்பீர்களா என்றும் இப்போதே யோசித்து வையுங்கள்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் வெயிட்லிஸ்ட்டில் குடும்பங்கள் அடிபடுவது இங்கேதான். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டிய தனியார் கல்லூரிகள் இன்று பல இருக்கின்றன. உங்களுக்கு எய்ட், அதாவது உதவித்தொகை, எதுவும் வராது என்று வைத்துக்கொண்டால், மாநிலப் பல்கலைக்கழகத்தோடு வித்தியாசம் ஆண்டுக்கு 60,000, நான்கு வருடத்துக்கு 2,40,000 டாலர். அட்மிஷனுக்கு வருமானம் பார்க்கமாட்டோம் என்று சொல்லும் கல்லூரிகளில் சில, வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது மட்டும் பார்க்கும். மார்க், திறமை பார்த்துத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மார்ச்சிலேயே பங்கு போட்டு முடிந்திருக்கும். குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை முழுதாக ஈடுகட்டும் கொள்கை உள்ள கல்லூரிகள் வெயிட்லிஸ்ட் மாணவர்களுக்கும் அதையே செய்வதுண்டு, ஆனால் எல்லாமே அப்படி இல்லை. "வெயிட்லிஸ்ட்டிலிருந்து வருபவர்களுக்கு ஃபைனான்ஷியல் எய்ட் எப்படி?" என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, சில கல்லூரிகள் தனியாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற வருமான, சொத்து விவரப் படிவத்தைக் கேட்கிறார்களா, அதை முடித்தாயிற்றா என்றும் பார்த்துவிடுங்கள், ஜூனில் கூப்பிடும்போது படிவம் இல்லை என்றால் கணக்கே போட மாட்டார்கள். நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்ற ஒன்று எல்லாக் கல்லூரியின் இணையதளத்திலும் இருக்கும், 2011இலிருந்து அது சட்டப்படி கட்டாயம். வருமானம், சேமிப்பு விவரங்களைப் போட்டால் உத்தேசமாக ஒரு தொகை சொல்லும்.

கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதிலும் விதி மாறியிருக்கிறது. முதல் வருட மாணவி தன் பெயரில் அரசுக் கடனாக வாங்க முடிவது 5,500 டாலர்தான். பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடன் முன்பு செலவு முழுவதற்கும் கிடைக்கும், 2025இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தமாக 65,000 என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அதற்கு உங்கள் கையெழுத்து, உங்கள் வட்டி.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டிருக்கிறார்கள், பையன் ஓட்டப் பயிற்சியில் இருந்ததால் எடுக்கவில்லை. வாய்ஸ்மெயிலில் இடம் கிடைத்திருக்கிறது, திங்கள் மதியத்துக்குள் சொல்ல வேண்டும் என்று செய்தி. அவன் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், பாட்டிக்கு வீடியோ காலில் சொல்லியாயிற்று. சனி, ஞாயிறு எய்ட் அலுவலகம் திறக்காது. அப்பா எப்படியாவது கட்டிவிடலாம் என்கிறார், அம்மா எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் தங்கையும் காலேஜ் போகிறாளே என்கிறார், பையன் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறான். திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் கேட்டால் கணக்குப் போட இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள், கெஞ்சிக் கேட்டதில் புதன் வரை அவகாசம் கொடுத்தார்கள். வந்த தொகை போதவில்லை, போகவில்லை. போகாதது சரியான முடிவுதான் என்று அவர்களும் நினைக்கிறார்கள். அவனுக்கு வலித்தது வேறு. பட்டியலில் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து கிடைத்தால் போகலாம் என்றே அவன் நம்பியிருந்தான், எவ்வளவு வரை கட்ட முடியும் என்று யாரும் அவனிடம் சொல்லவே இல்லை. ஏப்ரலில் அரை மணி நேரம் பேசியிருந்தால் அந்த நான்கு நாட்கள் இல்லை.

அதனால் உங்கள் வீட்டில் ஒரு எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு இவ்வளவு டாலர் வரை என்றால் போவோம், அதற்கு மேல் என்றால் போக மாட்டோம். மகள் முன்னால் எழுதுங்கள், பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் குடும்பத்தின் பணக் கணக்கு புரியும். ஹானர்ஸ் இடமும் ஸ்காலர்ஷிப்பும் ஒரு முறை விட்டால் திரும்ப வராது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள், அது உங்கள் விஷயத்தில் சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மே 1க்குள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு டெபாசிட் கட்டியே ஆக வேண்டும். வெயிட்லிஸ்ட்டில் இருந்துகொண்டு இன்னொரு இடத்துக்கு டெபாசிட் கட்டுவது தப்பே இல்லை, எல்லோரும் எதிர்பார்ப்பதும் அதைத்தான். தப்பு என்பது இடம் கிடைத்த இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே நேரத்தில் டெபாசிட் கட்டி இரண்டையும் பிடித்து வைப்பது. பட்டியலிலிருந்து கூப்பிட்டு நீங்கள் போனால் இங்கே கட்டிய டெபாசிட் திரும்ப வராது, சில நூறு டாலர், டார்முக்கு, அதாவது கல்லூரி விடுதிக்கு, தனியாகக் கட்டியிருந்தால் அதுவும் போகலாம். அது தெரிந்தே செய்கிற செலவு. போவதென்று முடிவானால் அன்றைக்கே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடத்தை விட்டுக்கொடுங்கள், அங்கேயும் ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருக்கும். வெயிட்லிஸ்ட்டை நம்பி டெபாசிட் கட்டாமல் இருப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அப்பா ஃபோன் செய்வது வேண்டாம். உதவாது, சில இடங்களில் கெடுக்கவும் செய்யும். எழுத வேண்டியது மகள், ஒரே ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள். ஆனால் முதலில் அந்தக் கல்லூரி கடிதம் வாங்குமா என்று படியுங்கள், எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அனுப்பக் கூடாது, அவர்கள் சொன்னதைக் கேட்காதது கெட்ட பெயர்தான். வாங்குவார்கள் என்றால் விண்ணப்பத்துக்குப் பிறகு என்ன புதிதாக நடந்தது என்று எழுத வேண்டும். "உங்கள் கல்லூரி என் கனவு" என்பதை எல்லோரும் எழுதுவார்கள். "நவம்பரில் விண்ணப்பித்தபோது நூலகத்தில் சனிக்கிழமை கணக்கு வகுப்பு தொடங்கியிருந்தேன், இப்போது பள்ளித் தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறோம், பிள்ளைகள் அதிகமானதால் இரண்டு பிரிவாகப் பிரித்திருக்கிறோம்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு ஆள் கண்ணில் தெரிவாள். இந்தச் செமஸ்டர் மார்க் நன்றாக இருந்தால் அது, எந்தப் பேராசிரியரின் வகுப்புக்காக, எந்த ஆய்வுக்கூடத்துக்காக அங்கே போக ஆசை என்பது, இவற்றையும் எழுதலாம். கடைசியில் "இடம் கிடைத்தால் நிச்சயம் சேருவேன்" என்ற வரி, ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும். எய்ட் பார்த்துத்தான் முடிவு என்றால் "நீங்கள்தான் என் முதல் தேர்வு" என்று நிறுத்திக்கொள்ளட்டும், பொய் சொல்ல வேண்டியதில்லை. இந்த வரிக்கு மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் மே மாதம் அவர்களுக்கு வேண்டியது கூப்பிட்டால் வருகிற ஆள். பள்ளிக் கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், சில கல்லூரிகள் கவுன்சிலருக்கு ஃபோன் செய்து இவளுக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறதா என்று கேட்பதுண்டு. புதிதாக ஐந்தாறு சிபாரிசுக் கடிதங்கள், வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல், சான்றிதழ் மூட்டை, இவை எதுவும் வேண்டாம். கடைசி செமஸ்டரில் மார்க் சரியவும் விடக் கூடாது, ஏற்கெனவே கிடைத்த இடத்துக்கும் அது ஆபத்து.

கடிதம் போனதும் அவள் வேலை முடிந்தது. இதற்குப் பிறகு கஷ்டமான பகுதி மனசுதான். வெயிட்லிஸ்ட்டில் இருக்கும் பிள்ளைகள் பாதி மனசோடு இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், கிடைத்த கல்லூரியின் குரூப்பில் சேரமாட்டார்கள், ரூம்மேட் தேடமாட்டார்கள், எங்கே போகிறாய் என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை என்பார்கள். அது அவர்களைத் தின்றுவிடும். மே 1 டெபாசிட் கட்டியதும் அவள் சேரப்போவது மாநிலப் பல்கலைக்கழகம்தான் என்று வீட்டில் எல்லோரும் வாயால் சொல்லுங்கள், ஊரிலிருந்து சித்தி கேட்டாலும் அதையே சொல்லுங்கள், இன்னொன்று வெயிட்லிஸ்ட்டில் இருக்கிறது என்று வால் ஒட்ட வேண்டாம். புதிய மாணவர்களுக்கான ஓரியன்டேஷனுக்குப் பதிவு செய்யட்டும், ஹானர்ஸ் வகுப்புகளைப் பார்க்கட்டும், டி-சர்ட் வாங்கட்டும். இப்படி முழுசாகச் சேர்ந்துவிட்ட பிள்ளை பிறகு கூப்பிட்டால் தெளிவாக யோசிக்கும். அப்படி இருக்கவே முடியாது, தினமும் போர்ட்டலைத் திறந்து பார்த்து அழுகிறாள், படிப்பில் கவனம் போகிறது என்றால், இவ்வளவு சின்ன வாய்ப்புக்காக அவளுடைய பள்ளிக்காலத்தின் கடைசி இரண்டு மாதத்தைக் கொடுக்க வேண்டாம், விலகிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு மூன்று கல்லூரிகளில் வெயிட்லிஸ்ட் கிடைத்தவர்களும் இதைப் படித்தால், கிடைத்த இடத்தைவிட உண்மையிலேயே பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். பெயர் பெரியது என்பதற்காக மட்டும் வைத்திருப்பது வேண்டாம்.

கூப்பிடும் காலம் பெரும்பாலும் மே முதல் வாரத்திலிருந்து ஜூன் வரை. ஒரு பெரிய கல்லூரி பட்டியலிலிருந்து நூறு பேரை எடுத்தால், அந்த நூறு பேர் டெபாசிட் கட்டிய மற்ற கல்லூரிகளில் இடம் காலியாகும், அவை தங்கள் பட்டியலைத் தொடும், அதனால் வேறு இடங்களில் காலியாகும். இந்தச் சங்கிலி ஜூலை வரைகூட போவதுண்டு. 2019 வரை மே 1க்குப் பிறகு வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவர்களை இழுக்கக் கூடாது என்று நேகாக் விதி ஒன்று வைத்திருந்தது. அமெரிக்க நீதித்துறை போட்டிக்கு எதிரானது என்று தலையிட்டதால் அந்த வருடம் அதை நீக்கிவிட்டார்கள். அப்போதிலிருந்து கோடையில் இந்த நடமாட்டம் முன்பைவிடத் தளர்வாகவே இருக்கிறது. மகளின் ஃபோனில் வாய்ஸ்மெயில் நிறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெரியாத நம்பரையும் எடுக்கச் சொல்லுங்கள், மின்னஞ்சலின் ஸ்பேம் பகுதியையும் பார்க்கட்டும். பதில் சொல்ல சில இடங்களில் ஒரு வாரம் தருவார்கள், சில இடங்களில் 24 மணி நேரம்தான். "இடம் கொடுத்தால் வருவாயா?" என்று முதலில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு அப்புறம் இடம் தரும் கல்லூரிகளும் உண்டு, அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொல்ல வேண்டும் என்பது அந்தத் தாளில் எழுதிய எண்ணைப் பொறுத்தது. எய்ட் விவரம் வந்த பிறகு சொல்லலாமா என்று கேட்பதற்கும் அவகாசம் கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

சில கல்லூரிகள் பட்டியலை மூடிவிட்டோம் என்று ஜூன் மாதம் செய்தி அனுப்பும், சில அனுப்பவே அனுப்பாது. ஜூலை முதல் வாரம் வரை எதுவும் வரவில்லை என்றால் போர்ட்டலுக்குப் போய் அவளே பெயரை எடுத்துவிடட்டும். ஆகஸ்டில் டார்முக்குச் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்து மறுபடி எல்லாவற்றையும் கலைக்க வேண்டாம்.